கருப்பட்டித் தலையணையும் கண்டிப் பயணமும்

நான் ஒரு முட்டாள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கட்டுரையில் நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட இது எனக்குக் கொஞ்சம் கௌரவம். சாதாரண முட்டாள்கள் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். நான் அந்த ரகம் இல்லை. இருபத்திரண்டு வயதில், இலங்கை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாமல், இலங்கைக்குப் புறப்படுகிறவர்களுக்கெல்லாம் பயண யோசனை சொல்லிக்கொண்டிருந்தவன்.

கடலையே அதுவரை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். கோட்டைப்பட்டினத்தில், தை அமாவாசைக்கு அப்பாவோடு போனபோது. (ஒரு அலை முழங்காலைத் தொட்டதும் அலறிக்கொண்டு ஓடிவந்து, கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் மடியில் விழுந்தேன். அவருடைய முன்னோர்கள் என்ன நினைத்தார்களோ!) அதற்குப் பிறகு கடலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தின காலம் அது. எங்கள் ஆலங்குடிப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது அக்கரையில் இருந்தார்கள். கொழும்பில் துணிக்கடை, மாத்தளையில் மளிகைக்கடை, மலைப்பக்கம் தேயிலைத் தோட்டம் என்று ஆளுக்கொரு பிழைப்பு. ஊருக்குத் திரும்பி வருகிறவர்கள் சென்ட் வாசனையோடும் பிஸ்கோத்து டின்னோடும் வந்து, கடைத்தெருக் காபி கிளப்பில் உட்கார்ந்து கதை அளப்பார்கள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு, வேலை என்னைத் தேடி வரட்டும் என்று அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர்கள் சொல்வதில் பாதி பொய். அதை அப்படியே வாங்கிக்கொண்டு, என் கையிலிருந்து இன்னொரு பாதியைச் சேர்த்து, முழுப் பொய்யாக்கி, அடுத்துப் புறப்படுகிறவரிடம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கே வெயிலும் மழையும் ஒண்ணாவே அடிக்கும். கொடை ரெண்டு எடுத்துக்கங்க. ஒண்ணு வெயிலுக்கு, ஒண்ணு மழைக்கு."

"நம்ம அம்மன் காசை எல்லாம் இங்கேயே செலவழிச்சிருங்க. புதுக்கோட்டைச் சமஸ்தான எல்லையைத் தாண்டுனா அது சட்டைப் பொத்தானுக்குக்கூட ஆகாது." (நான் சொன்னதில் இது ஒன்றுதான் நிஜம். எப்படித் தவறி உள்ளே வந்தது என்று தெரியவில்லை.)

"கப்பல்ல ஏறுனதும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கங்க. தலைமன்னார்ல எறங்கினப்புறம் விட்டாப் போதும்."

என் யோசனையைக் கேட்டுப் போன ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. யோசனைகள் பலித்ததற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தேன். குறை சொல்ல நினைத்தவர்களெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

இந்த நிலைமையில்தான் என் அக்கா மீனாட்சி கண்டிக்குப் புறப்பட்டாள்.

அத்தானுக்குக் கண்டியில் ஒரு மளிகைக்கடை. கல்யாணம் முடிந்த மறுமாதமே அவர் கப்பலேறிவிட்டார். கடைக்குள்ளேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. அக்கா இரண்டு வருஷமாக மாமியார் வீட்டில். இப்போது ஒரு வழியாக அத்தான் தனி வீடு பிடித்திருந்தார். தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பால் காய்ச்ச நாள் பார்த்து, மீனாட்சியை அனுப்பிவையுங்கள் என்று ஊருக்கு வந்த ஆள் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அக்காவின் மாமியார் பொன்னாத்தா அத்தை. புருஷனை இழந்து, ஒரே மகனை வளர்த்து ஆளாக்கிய மனுஷி. வெள்ளைச் சேலை, வெள்ளை முடி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேச்சு. மகன் தனி வீடு பிடித்ததில் அத்தைக்குச் சம்மதம் இல்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. எனவே அத்தை ஒரு நிபந்தனை போட்டது.

"நானும் கூட வாரேன். எம் மகனைப் பாத்து ரெண்டு வருசமாச்சு. குறிச்ச நாள்ல பால் பொங்குச்சுன்னா அவ அங்கேயே இருக்கட்டும். நாள் தவறுச்சுன்னா அது சாமி காட்டுற குறி. அந்த வீடும் வேணாம், ஒண்ணும் வேணாம். மீனாட்சி திரும்பி என்னோடவே வந்துரணும்."

அத்தை சொன்னால் சொன்னதுதான். அன்று சாயங்காலம் கிணற்றடியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராசு, எப்படியாச்சும் என்னைய வெள்ளிக்கெழமைக்குள்ள அங்கிட்டுச் சேத்துருடா. வேற ஒண்ணும் ஒங்கிட்டக் கேக்க மாட்டேன்."

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

(இந்தப் பதிலைக் கேட்டபிறகும் அக்காவின் முகம் மலர்ந்தது. முட்டாள்தனம் எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் சொந்தம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.)

அத்தானிடமிருந்து சேதி கொண்டுவந்தவர் இன்னொன்றும் சொன்னார்: "செகண்டு கிளாசுல கூட்டிக்கிட்டு வரச் சொன்னாருப்பா. தேர்டு கிளாசுல வந்தா மண்டபத்துல எறக்கி, நாள் கணக்குல நிறுத்தி வச்சிருவாங்களாம். தேர்டுல வர்றதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே பொறப்படணுமாம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னை அறையவேண்டும் போல இருக்கிறது.

"அத்தான் அங்கேயே ரெண்டு வருசமா இருக்காரு. இப்ப உள்ள நெலவரம் அவருக்கு எப்படித் தெரியும்?"

காபி கிளப்பில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வந்த மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்ப நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும்" என்று சொல்லிக் காபியைக் குடித்தார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மண்டபத்தில் நிறுத்துவதெல்லாம் தோட்டத்துக்குக் கூலி ஆளாகப் போகிறவர்களுக்குத்தான். நம்மைப் போன்ற கடைக்காரக் குடும்பங்கள் ஸ்டேஷன் தாழ்வாரத்தோடு நடந்து அந்தப் பக்கம் போய்விடலாம் என்று வீட்டில் விளக்கினேன். அனாவசியச் செலவு மிச்சம் என்றதும் அத்தையே என்னைப் பார்த்து, "புள்ளை வெவரமாத்தான் இருக்கான்" என்றது. அத்தை என்னைப் புகழ்ந்தது அது ஒரு தடவைதான்.

அடுத்தது பெட்டி கட்டும் படலம்.

புது வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குப் புதுச்சேலையை வெறுமனே மடித்து வைக்கமாட்டார்கள் எங்கள் பக்கத்தில். மடிப்புக்குள் குங்குமப் பொட்டலம், மஞ்சள்தூள் பொட்டலம் வைத்துத்தான் பெட்டியில் அடுக்குவார்கள். அதோடு, பால் காய்ச்சும்போது போடுவதற்கு அத்தையின் கொல்லைப் பனையில் இறக்கிக் காய்ச்சிய கருப்பட்டி. அதுதான் வேண்டும், கண்டியில் கிடைக்கிற சர்க்கரை ஆகாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றது.

இங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன்.

"தின்கிற சாமானைக் கண்டா மண்டபத்துல புடுங்கிக்கிருவாங்க. ஒளிச்சுத்தான் கொண்டு போகணும். பெட்டியும் ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு பெட்டியப் பாத்தாச் சந்தேகப்படுவாங்க."

"எதுல ஒளிக்கிறது?" என்றாள் அக்கா.

என்னைப் போன்ற மேதைகளுக்கு யோசனை வர நேரம் ஆகாது. ஒரு தலையணையைப் பிரித்து, பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, கருப்பட்டி வட்டுகளை உள்ளே அடுக்கி, மறுபடி தைத்தேன். நானேதான் தைத்தேன். அவ்வளவு அழகான தையல் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் போட்டதில்லை, பின்பும் போட்டதில்லை. அந்தத் தலையணையை டிரங்குப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

ஒரே பெட்டி என்றதால் அத்தையின் மாற்றுச்சேலையும் அதற்குள்தான் போகவேண்டும். அத்தை தயங்கியது.

"ஏம்ப்பா, என் வெள்ளைச் சேலையப் போயிக் குங்குமத்தோட வைக்கலாமா?"

"பெட்டிக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது அத்தை? ஒரு நாள் பயணம். சும்மா வையிங்க."

வைத்தது.

செவ்வாய்க்கிழமை பயணம் ஆகாது என்று புதன்கிழமை பஸ் ஏறி, புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்தோம். வண்டியில் நான் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. எதிர்ப் பெஞ்சில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். பெயர் செல்லம்மா. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் புருஷனிடம் போகிறாளாம். ஏற்கனவே இரண்டு தடவை போய்வந்தவள். அவளுக்கும் யோசனை சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். (குழந்தை மட்டும் என்னை விழித்துப் பார்த்துக்கொண்டே வந்தது. வயதுக்கு மீறிய அறிவு.)

மண்டபம் வந்தபோது வியாழக்கிழமை காலை. வானம் மூட்டமாக இருந்தது. ஜன்னல் வழியே கடல் தெரிந்ததும் கையை நீட்டி, "அந்தா பாருங்க அத்தை, அதான் கிழக்கு" என்றேன். எங்கள் ஊர்க்காரனுக்குக் கடல் என்றால் கிழக்குத்தான். வேறு திசையில் கடல் இருக்கமுடியும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அத்தை கிழக்கு என்று கும்பிட்டது. அக்கா எதிர்ப்பக்க ஜன்னலைக் காட்டினாள்.

"ராசு, இங்கிட்டும் கடல் இருக்குடா."

"அது வேற கடல்" என்றேன்.

தேர்டு கிளாஸ்காரர்கள் எல்லாரும் இறங்கவேண்டும் என்று குரல் கேட்டது. எல்லாரும் என்றால் எல்லாரும். பிளாட்பாரத்தில் தொப்பி போட்ட ஓர் அதிகாரி வரிசை பிடித்துக்கொண்டிருந்தார். நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நேரே அவரிடம் போனேன்.

"சார், நாங்க கடைக்காரங்க."

"கடைக்காரங்களுக்கு அம்மை வராதா?" என்றார். "வரிசையில நில்லுங்க."

வைசூரியும் காலராவும் கடல் தாண்டாமல் இருப்பதற்காக, மூன்றாம் வகுப்பில் வருகிறவர்களை அங்கே சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, துணிமணிகளை நீராவியில் சுத்தம் பண்ணித்தான் அனுப்புவார்கள் என்பது அந்த வரிசையில் நின்ற கைக்குழந்தை உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"எத்தனை நாளுங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அடுத்த வாரம் விட்டுருவாங்கம்மா" என்றார் அவர், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அந்த 'வேற கடலை'ப் பார்த்தேன்.

அம்மை குத்தும் இடத்தில், "எறும்பு கடிக்கிற மாதிரிதான் அத்தை, பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்லி, வழி காட்டுவதற்காக முதலில் கையை நீட்டினேன். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். அத்தை தன் முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தது. அது குத்திக்கொண்டு, அக்காவும் குத்திக்கொண்டு, கைக்குழந்தையும் குத்திக்கொண்டு முடிந்திருந்தது.

பிறகு நீராவிக் கொட்டகை. குடும்பத்துக்கு ஒரு பெரிய கம்பிக்கூடை. பெட்டியில் இருக்கிற துணியும் படுக்கையும், உடுத்தியிருக்கிற துணியும் எல்லாம் அதற்குள் போகும். அவர்கள் கொடுக்கிற துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு குளித்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். கூடைக்குப் பொறுப்பாக இருந்தவர் இராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், சிரித்த முகம்.

"தின்கிற சாமான், மஞ்சள் குங்குமம் ஏதாச்சும் இருந்தா எடுத்துத் தனியா வச்சுக்கங்கண்ணே. யாரும் எடுக்க மாட்டாங்க. உள்ளே போனா வீணாப் போயிரும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லமுடியாது. ஆனால் நான்தான் மேதையாயிற்றே. இது நம் வாயைக் கிண்டுகிற தந்திரம் என்று எனக்குப் பட்டது.

"துணி மட்டும்தான்" என்றேன்.

அக்கா என் முழங்கையில் இடித்தாள். முறைத்தேன். அவர் தலையணையைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

"என்னண்ணே தலகாணி இம்புட்டுக் கனமா இருக்கு?"

"எங்க ஊரு இலவம்பஞ்சு அப்படி."

அவர் என்னைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நல்ல பஞ்சு" என்று சொல்லிக் கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

இரும்புக் கதவு மூடிற்று. நீராவி சீறிற்று. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்கப் பால் பாயசம் காய்ச்சுகிற மாதிரி ஒரு வாசனை. வரிசையில் நின்ற குழந்தைகளெல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். "எங்கேயோ நல்ல சமையல் நடக்குது" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு மட்டும் துப்பட்டிக்குள் வியர்த்தது.

கூடை வெளியே வந்தது. அதை எப்படி வர்ணிப்பேன்! கருப்பட்டி உருகித் தலையணையிலிருந்து வழிந்து, கீழே இருந்த ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கியிருந்தது. மஞ்சளும் குங்குமமும் அதோடு கலந்து எல்லாத் துணிக்கும் பாகுபாடு இல்லாமல் சாயம் ஏற்றியிருந்தன. அக்காவின் பச்சைச் சேலை செங்கல் நிறம். என் வேட்டி மாம்பழ நிறம். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கொட்டகைக்காரர் அடுத்துத் தூக்கிய துணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அத்தையின் இரண்டு வெள்ளைச் சேலைகள். ஒன்று உடுத்தி வந்தது, ஒன்று மாற்று. இரண்டும் நல்ல குங்குமச் சிவப்பு. கரையில் மட்டும் மஞ்சள் ஓடியிருந்தது. கடையில் போய்க் கேட்டாலும் அப்படி ஒரு சேலை கிடைக்காது.

தண்ணீர்த் தொட்டியில் போட்டு அலசினோம். கருப்பட்டிதான் போயிற்று. சாயம் போகவில்லை.

அத்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் அது ஒரு சேலையை எடுத்து, பிழிந்து, மறைவுக்குப் போய் உடுத்திக்கொண்டு வந்து, எங்களுக்குக் கொடுத்திருந்த கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. புருஷன் போனதிலிருந்து வெள்ளையைத் தவிர எதையும் தொடாத உடம்பு. கொட்டகையில் முன்பின் தெரியாத இருபது முப்பது பேர். நான் பக்கத்தில் போய், "அத்தை, வெயில்ல காயப்போட்டா வெளுத்துரும்" என்றேன். (எனக்கு வாயில் ஏதாவது வியாதி இருந்திருக்கவேண்டும்.)

சாயங்காலம் அக்கா வேலியோரம் போய் நின்றாள். நானும் போய் நின்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கெழமை" என்றாள்.

"தந்தி அடிச்சு அத்தானை நாளைத் தள்ளிவைக்கச் சொல்லலாம்."

"அத்தை சொன்னது ஒனக்குத் தெரியாதா? நாள் தவறுனா நான் திரும்பிப் போகணும். போயிர்றேன். மறுபடி எத்தனை வருசமோ." அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது யோசனை சொல்லியிருப்பேன். "நீ மட்டும் இனிமே எதுவும் சொல்லாதடா ராசு. அது ஒண்ணு போதும்."

அன்று ராத்திரி முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

விடிந்தது. மூட்டம் கலைந்து, நான் காட்டிய கிழக்குக்கு நேர் குறுக்கே சூரியன் கிளம்பியது. அத்தை அதே இடத்தில், அதே சிவப்புச் சேலையில், தலைக்குக் குளித்து, நரைமுடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தது. அப்போது செல்லம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சின்னக் குங்குமச் சிமிழ். ரயிலில் முக்காடு போட்டு மூலையில் சாய்ந்திருந்த அத்தையை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை போலும்.

"ஆத்தா, இன்னைக்கி வெள்ளிக்கெழமை. ஒங்களப் பாத்தா மகாலச்சுமி மாதிரி இருக்கீங்க. ஒங்க கையால எனக்கும் எம் புள்ளைக்கும் வச்சு விடுங்க. நல்லபடியா அக்கரை போயிச் சேரணும்."

அக்கா எழுந்து ஓடிவந்தாள். "இல்லைங்க, அவங்க வந்து..." என்று தொடங்கியவளை அத்தை கையைக் காட்டி நிறுத்தியது.

அந்தச் சிமிழையே கொஞ்ச நேரம் பார்த்தது. அதற்கு எத்தனை வருஷமாக யாரும் சிமிழ் நீட்டியிருக்கமாட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மோதிர விரலால் தொட்டு, செல்லம்மாவின் நெற்றியில் வைத்தது. பிறகு குழந்தைக்கு வைத்தது. குழந்தை அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அத்தை என் பக்கம் திரும்பாமலே சொன்னது:

"மீனாட்சி, அடுப்பைக் கூட்டு."

"எங்கே அத்தை?"

"இங்கதான். இந்த ஊர்ல மூணு கல்லு கெடைக்காதா?"

"அத்தை, வீடு அங்கிட்டுல்ல இருக்கு?"

"நாளு பாலுக்குத்தானே குறிச்சுருக்கு? பாலு இங்கே பொங்கட்டும். வீடு எங்கே ஓடிப்போகுது?"

அக்கா நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினாள். கல்லைத் தேடி நான் ஓடினேன். யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை என்பதால் சரியாக மூன்று கல்லோடு திரும்பினேன். நீராவிக் கொட்டகைக்காரர் எங்கேயோ போய் ஒரு செம்பு ஆட்டுப்பால் வாங்கிவந்தார். செல்லம்மா தன் பித்தளைப் பானையைத் துலக்கிக் கொடுத்தாள். கருப்பட்டிக்கு என்ன செய்வது? தலையணைக்குள் அடியில் உருகி உறைந்துபோன பாளம் ஒன்று பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தியால் பெயர்த்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றினாள் அக்கா.

"எந்தப் பக்கம் பாத்து அடுப்பு வைக்கிறது?" என்று செல்லம்மா கேட்டாள்.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பால் பொங்கிற்று. கொட்டகையில் இருந்த பெண்களெல்லாம் சேர்ந்து குலவையிட்டார்கள். தொப்பி போட்ட அதிகாரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தவர், விஷயத்தைக் கேட்டு, தானும் ஒரு வாய் பால் வாங்கிக் குடித்துவிட்டு, பல்லில் சிக்கிய பஞ்சை எடுத்துக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் எங்களை விட்டார்கள். தனுஷ்கோடியில் கப்பல். (நான் மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் பயன் இல்லை. என் கவனமெல்லாம் வயிற்றில் இருப்பதை இழுத்துப் பிடிப்பதில் இருந்தது. அதுவும் நடக்கவில்லை.) தலைமன்னாரில் ரயில் ஏறி, கண்டி ஸ்டேஷனில் இறங்கினோம். அத்தான் பிளாட்பாரத்தில் ஓடிவந்தார். செங்கல் நிறத்தில் மனைவி, மாம்பழ நிறத்தில் மைத்துனன், குங்குமச் சிவப்பில் தாயார். பார்த்தபடியே நின்றுவிட்டார். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்:

"தேர்டு கிளாசுலயா வந்தீங்க?"

"பால் பொங்கிருச்சு. வீட்டைத் தொற" என்றது அத்தை.

அக்கா அந்த வீட்டில் இருந்துவிட்டாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வருவதாகப் போன அத்தையும் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்துவிட்டது. அத்தான் புது வெள்ளைச் சேலைகள் எடுத்துக் கொடுத்தார், கட்டிக்கொண்டது. ஆனால் அந்தச் சிவப்புச் சேலை ஒன்றை மட்டும் துவைத்து மடித்து வைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைகளில் எடுத்து உடுத்தும். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. சாயம் கெட்டியாகப் பிடித்துவிட்டது, வீணாக்கக் கூடாது என்று அதுவாகவே ஒரு தடவை அக்காவிடம் சொன்னதாம்.

எனக்கு மட்டும்தான் நிரந்தரமான தண்டனை. நான் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அறந்தாங்கி பஸ் எத்தனை மணிக்கு என்று நான் கேட்டால் போதும். பொன்னாமராவதிக்கு எந்தப் பக்கமாகப் போனால் கிட்டம் என்று வாயெடுத்தால் போதும். உள்ளேயிருந்து யாராவது ஒருவர், பெரும்பாலும் என் மனைவி, அத்தையின் குரலில் அத்தை சொன்ன ஒற்றை வரியைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். வீடே சிரிக்கும். நேற்று வந்த மருமகனுக்குக்கூட அது தெரிந்திருக்கிறது.

அந்த வரி பிறந்தது கண்டியில், நான் ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட அன்று. பெட்டியைக் கட்டிவிட்டு, கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தையிடம் விடைபெறப் போனேன். மண்டபத்துக்குப் பிறகு அது என்னிடம் நேராகப் பேசவே இல்லை. எப்படியாவது சமாதானமாகிவிட்டுப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. பெரியவர்களிடம் யோசனை கேட்டால் குளிர்ந்துபோவார்கள் அல்லவா? அதனால் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டேன்.

"அத்தை, நான் ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு எப்படிப் போனா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க. அப்படியே செய்யிறேன்."

அத்தை கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நீந்திப் போ."